ஃபைல் பண்ணியது ‘ஆடிட்டர்’, பில் வந்தது உங்களுக்கு: வருமான வரி டிமாண்ட் வந்தால் என்ன செய்வது?

"ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்" என்று சொன்னார். சொன்னபடி வாங்கியும் கொடுத்தார். வந்த தொகையில் பத்து சதவீதம் கமிஷனும் எடுத்துக்கொண்டார். வருஷம் இரண்டு ஓடிய பிறகு வருமான வரித்துறையிடமிருந்து ஒரு மெயில் வருகிறது. கொடுத்த ரீஃபண்டைத் திருப்பிக் கட்டு, வட்டியையும் சேர்த்துக் கட்டு என்கிறது. பதறிப்போய் அவருக்கு போன் அடித்தால் ரிங் போகிறது, எடுக்கிற ஆள்தான் இல்லை.

மாதச் சம்பளக்காரர்கள் பலர் இப்போது இந்த நிலைமையில் இருக்கிறார்கள். சிலருக்கு உண்மையிலேயே ஏஜென்ட் செய்த டைப்பிங் தவறு. சிலருக்கு அவர் தெரிந்தே போட்ட பொய்க் கணக்கு. இரண்டுக்கும் வருகிற பில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் வெளியே வரும் வழி வேறு, செலவும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் பயத்தில் உடனே பணம் கட்டுகிறவர்களும் நஷ்டப்படுகிறார்கள், "ஏஜென்ட் தப்பு, நமக்கென்ன" என்று சும்மா இருக்கிறவர்களும் நஷ்டப்படுகிறார்கள்.

ஏன் இப்போது இவ்வளவு நோட்டீஸ்?

2025 ஜூலை 14-ம் தேதி வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது. குறி பெரிய தொழிலதிபர்கள் அல்ல. சம்பளக்காரர்களுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுக்கும் இடைத்தரகர்கள்தான். அதற்கு முன்பே சோதனை நடந்து மோசடி வெளிப்பட்ட மாநிலங்கள் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் சொன்ன பட்டியலில் மகாராஷ்டிரா, டெல்லி, குஜராத், பஞ்சாப், மத்தியப் பிரதேசத்துடன் தமிழ்நாடும் இருந்தது.

என்ன மோசடி? வீட்டு வாடகைப் படி, 80ஜி நன்கொடை, 80ஜிஜிசி அரசியல் கட்சி நன்கொடை, 80இ கல்விக் கடன் வட்டி, 80டி மருத்துவக் காப்பீடு, 80டிடிபி தீவிர நோய்ச் சிகிச்சை, 80இஇபி மின்சார வாகனக் கடன் வட்டி. இதில் எதுவும் செய்யாதவருக்கும் எல்லாம் செய்ததாக ரிட்டர்னில் எழுதி ரீஃபண்ட் வாங்குவது. எலக்ட்ரிக் ஸ்கூட்டரை ஓட்டிக்கூடப் பார்க்காதவர் பெயரில் அதற்கான கடன் வட்டி இருக்கும். பன்னாட்டு நிறுவனங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், அரசு அமைப்புகள், கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றின் ஊழியர்கள் பலர் இப்படிப் பலன் அடைந்ததாக வாரியம் சொன்னது. அதற்கு முந்தைய 4 மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் மதிப்பிலான பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றதாகவும் அதே அறிவிப்பு சொல்கிறது.

அந்த அறிவிப்பில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு வரி உண்டு. மொத்தமாக ரிட்டர்ன் போடும் இந்தத் தரகர்கள், அதற்கென்றே தற்காலிக மெயில் ஐடிகளை உருவாக்கிப் பிறகு கைவிட்டுவிடுகிறார்கள். துறை அனுப்பும் நோட்டீஸ் அந்த மெயிலுக்குப் போய் யாரும் படிக்காமல் கிடக்கிறது. "எனக்கு நோட்டீஸே வரலையே" என்கிறவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான். நோட்டீஸ் வந்திருக்கும், அவர்களிடம் வந்திருக்காது.

முதல் வேலை: லாகின் உங்கள் கைக்கு வரட்டும்

பணம் கட்டுவது, வக்கீலைப் பார்ப்பது எல்லாம் அப்புறம். முதலில் இ-ஃபைலிங் தளத்தில் உங்கள் கணக்கு உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பான் எண்தான் யூசர் ஐடி. பாஸ்வேர்டு ஏஜென்ட்டிடம் இருந்தால் அவரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு வரும் ஓடிபியை வைத்தே மாற்றிவிடலாம். உள்ளே போனதும் முதலில் ப்ரொஃபைலில் இருக்கும் மெயிலையும் மொபைல் எண்ணையும் பாருங்கள். அங்கே முன்பின் தெரியாத ஒரு மெயில் ஐடி இருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு மாற்றுங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட் பின்னால் தேவைப்படும்.

வந்த நோட்டீஸ் அசல்தானா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். 2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித்துறை அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். லாகின் செய்யாமலேயே தளத்தின் முகப்புப் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கும் வசதி உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தட்டி வரி கட்டப் போய், கணக்கில் இருந்த பணத்தையும் இழந்த கதைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

பிறகு மூன்று காகிதங்களை டவுன்லோடு செய்யுங்கள். தாக்கலான ரிட்டர்னின் முழு நகல், 143(1) பிரிவின் கீழ் வந்த இன்டிமேஷன், அந்த ஆண்டுக்கான ஏஐஎஸ் எனும் ஆண்டுத் தகவல் அறிக்கை. ரிட்டர்ன் முழு நகலைப் பார்த்ததே இல்லை, ஒரு பக்க அத்தாட்சியை மட்டும்தான் ஏஜென்ட் கொடுத்தார் என்கிறவர்கள்தான் அதிகம். எந்தக் கழிவில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பது முழு நகலில்தான் தெரியும்.

‘நான் போடல, அவர்தான் போட்டார்’ என்றால் விட்டுவிடுவார்களா?

விடமாட்டார்கள். வருமான வரிச் சட்டத்தின் 140-ம் பிரிவுப்படி தனிநபர் ரிட்டர்னை உறுதி செய்ய வேண்டியவர் அந்தத் தனிநபர்தான். "இதில் உள்ளவை எனக்குத் தெரிந்தவரை சரியானவை, முழுமையானவை" என்ற உறுதிமொழி ரிட்டர்னின் கடைசியில் இருக்கும். போனில் வந்த ஆறு இலக்க ஓடிபியை ஏஜென்ட்டுக்கு வாசித்துக் காட்டிய அந்த நொடியில் அந்த உறுதிமொழியில் உங்கள் கையெழுத்து விழுந்துவிட்டது. துறையின் பார்வையில் இந்தக் கதையில் ஏஜென்ட் என்ற பாத்திரமே கிடையாது. இருப்பது பான் வைத்திருப்பவர் ஒருவர் மட்டும்.

கேட்கக் கொஞ்சம் கொடுமையாகத்தான் இருக்கிறது. ஃபார்ம் 16-ஐ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு 500 ரூபாய் ஜிபே செய்த ஒருவருக்கு 80ஜிஜிசி என்றால் என்னவென்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ‘தெரியாது’ என்கிற எல்லோரும் அப்பாவிகள் என்றும் சொல்லிவிட முடியாது. கட்டணத்தை ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று ஒருவர் கேட்கிறார் என்றாலே, அவர் ரீஃபண்டைப் பெரிதாக்கப் போகிறார் என்றுதான் அர்த்தம். கம்பெனி சரியாக டிடிஎஸ் பிடித்த சம்பளக்காரருக்கு அறுபதாயிரம் ரீஃபண்ட் எங்கிருந்து வரும் என்ற கேள்வி பணம் வந்த அன்றைக்கே எழுந்திருக்க வேண்டும்.

கட்டவே வேண்டாத பில்களும் உண்டு

டிமாண்ட் வந்தாலே கட்ட வேண்டும் என்பதில்லை. ஏஜென்ட்டின் கவனக்குறைவால், உண்மையில் நீங்கள் தர வேண்டாத வரிக்கு பில் வருவது சகஜம். ரிட்டர்னில் டிடிஎஸ் விவரத்தைச் சேர்க்காமல் விட்டிருப்பார். அல்லது கம்பெனியின் டான் எண்ணைத் தப்பாக எழுதியிருப்பார். கட்டிய வரியின் சலானில் மதிப்பீட்டு ஆண்டை மாற்றிப் போட்டிருப்பார். பணம் அரசிடம்தான் இருக்கும், கணக்கில்தான் ஏறியிருக்காது.

இதற்கு வழி 154-வது பிரிவின் கீழான திருத்தக் கோரிக்கை. கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே செய்யலாம். இன்டிமேஷன் வந்த நிதியாண்டு முடிந்து 4 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஆனால் ஆவணத்தைப் பார்த்தாலே தெரிகிற தவறுக்குத்தான் இது. ரிட்டர்னில் கேட்கவே கேட்காத புதுக் கழிவை இதன் வழியாக நுழைக்க முடியாது. சலானில் ஆண்டு மாறியிருந்தால் பணம் கட்டிய 7 நாட்களுக்குள் தளத்திலேயே திருத்தலாம். அது தாண்டிவிட்டால் உங்கள் வட்டார மதிப்பீட்டு அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும்.

அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பழைய சம்பள நிலுவை ஒரே ஆண்டில் மொத்தமாக வரும்போது வரிச்சுமை கூடாமல் இருக்க 89-வது பிரிவு நிவாரணம் தருகிறது. அதைப் பெற ஃபார்ம் 10இ-யைத் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். ரிட்டர்னில் நிவாரணத் தொகையை எழுதிவிட்டு 10இ-யைப் போட மறக்கும் ஏஜென்ட்டுகள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். விளைவு, நிவாரணம் ரத்தாகி பில் வரும். திருத்திய ரிட்டர்னுக்கு நேரம் இருந்தால் 10இ-யைத் தாக்கல் செய்துவிட்டு ரிட்டர்னைத் திருத்திப் போடுவதே பாதுகாப்பு. நேரம் தாண்டியிருந்தால் 10இ-யுடன் திருத்தக் கோரிக்கை வைத்துப் பார்க்கலாம்.

இதுபோன்ற பில்களுக்கு தளத்தில் ‘நிலுவை டிமாண்டுக்குப் பதில்’ என்ற பகுதியில் பதில் சொல்ல வேண்டும். அங்கே ‘டிமாண்ட் சரி’, ‘டிமாண்டை ஏற்கவில்லை’ என்று இரண்டு வழிகள் இருக்கும். தொல்லை விட்டால் போதும் என்று ‘சரி’யைத் தட்டிவிட்டால் பிறகு மறுக்க முடியாது. பதிலே சொல்லாமல் விட்டாலும் ஆபத்துதான். அடுத்த வருஷம் உங்களுக்கு நியாயமாக வர வேண்டிய ரீஃபண்டில் இந்தத் தொகையைக் கழித்துக்கொள்ள 245-வது பிரிவு அனுமதிக்கிறது.

கட்டித்தான் ஆக வேண்டிய பில்கள்

வருஷத்துக்கு நடுவில் வேலை மாறிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2024-25 நிதியாண்டில் முதல் ஆறு மாதம் ஒரு கம்பெனியில் 5 லட்சம் சம்பளம். முழு வருஷக் கணக்குப் போட்டு அந்தக் கம்பெனி 22,100 ரூபாய் டிடிஎஸ் பிடித்திருக்கிறது. அடுத்த ஆறு மாதம் வேறு கம்பெனியில் 6 லட்சம். பழைய வேலையைப் பற்றி இங்கே சொல்லவில்லை. தன்னிடம் வாங்கிய 6 லட்சத்துக்குப் புதிய வரித் திட்டத்தில் வரியே இல்லை என்று இந்தக் கம்பெனி எதையும் பிடிக்கவில்லை.

ஏஜென்ட் இரண்டாவது ஃபார்ம் 16-ஐ மட்டும் பார்த்து ரிட்டர்ன் போடுகிறார். டிடிஎஸ் விவரம் தளத்தில் தானாக நிரம்பி வருவதால் முதல் கம்பெனி பிடித்த 22,100 ரூபாய் ரீஃபண்டாக வந்துவிடுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் உண்மைக் கணக்கு வேறு. மொத்தச் சம்பளம் 11 லட்சம், நிலைக்கழிவு 75,000 போக 10,25,000. அதற்கு வரி 53,750, செஸ் சேர்த்து 55,900 ரூபாய். ரீஃபண்டும் போய்விட்டதால் இப்போது 55,900 முழுவதையும் கட்ட வேண்டும்.

பார்த்தால் ஏஜென்ட்டால் வந்த 55,900 ரூபாய் நஷ்டம் போலத் தெரியும். ஆனால் அப்படி இல்லை. 22,100 உங்கள் கைக்கு வந்துபோன பணம். மீதி 33,800 ரூபாய், ஏஜென்ட் ஒழுங்காக வேலை பார்த்திருந்தாலும் கட்டியிருக்க வேண்டிய வரி. அவருடைய தவறால் கூடியது அதன் பிறகு ஏறிய வட்டி மட்டும்தான். 33,800 ரூபாய்க்கு மாதம் 1% என்றால் 338 ரூபாய். சண்டை போடப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போவது நல்லது. வரியையே ஏஜென்ட் தர வேண்டும் என்று கேட்டால் அவர் சிரிப்பார். தாமதத்துக்கான வட்டியையும் திருத்தும் வேலைக்கான செலவையும் கேட்டால் அது நியாயம்.

பேங்க் டெபாசிட் வட்டியை விட்டுவிடுவது, பங்கு விற்ற லாபத்தை விட்டுவிடுவது எல்லாம் இதே வகைதான். வங்கியும் தரகு நிறுவனமும் அந்தத் தகவலைத் துறைக்கு ஏற்கெனவே அனுப்பியிருப்பார்கள், அது ஏஐஎஸ்-ஸில் இருக்கும்.

ஏஜென்ட்டின் தாமதமே நேரடியாகப் பணத்தைக் கரைப்பதும் உண்டு. 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரித் திட்டம்தான் தானாகப் பொருந்தும் திட்டம். பழைய திட்டம் வேண்டும் என்றால் கெடுவுக்குள் போடும் ரிட்டர்னில் அதைத் தேர்வு செய்ய வேண்டும். 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்குப் பெரும்பாலான சம்பளக்காரர்களுக்குக் கெடு செப்டம்பர் 16. "பார்த்துக்கலாம் சார்" என்று ஏஜென்ட் அதைத் தாண்ட விட்டிருந்தால் வாடகைப் படி, 80சி எல்லாம் அந்த வருஷத்துக்குப் போச்சு. அதோடு 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணமும் உண்டு. இந்த நஷ்டத்தை முழுக்க அவர் கணக்கில் எழுதலாம்.

தவறு 2024-25 நிதியாண்டு ரிட்டர்னில் என்றால் ஒரு ஆறுதல் இருந்தது. 2025 டிசம்பர் 31 வரை திருத்திய ரிட்டர்ன் போட முடிந்தது. வரியும் வட்டியும் உண்டு, அதற்கு மேல் அபராதம் போன்ற கூடுதல் வரி இருக்கவில்லை. அந்தத் தேதி தாண்டியதும் கணக்கே மாறிவிட்டது.

62,400 ரூபாய் எப்படி 1,87,200 ஆகிறது?

பொய்க் கழிவுகள் விஷயத்தில்தான் தாமதத்தின் விலை அதிகம். 2023-24 நிதியாண்டில் பழைய திட்டத்தில் 20% வரி வரம்பில் இருந்த ஒருவருக்கு ஏஜென்ட் 3 லட்சம் ரூபாய்க்கு இல்லாத கழிவுகளைப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். செஸ் சேர்த்து 20.8%. ஆக, வந்த பொய் ரீஃபண்ட் 62,400.

துறை நடவடிக்கை எடுக்கும் முன் இவரே முன்வந்தால் ஐடிஆர்-யூ எனும் புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் போட்டால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25% கூடுதலாகக் கட்ட வேண்டும். இந்த ஆண்டுக்கு அந்த 12 மாதத்தின் கடைசி நாள் 2026 மார்ச் 31. வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால் 62,400-ம் அதில் 25% ஆன 15,600-ம் சேர்த்து 78,000 ரூபாய். அடுத்த 12 மாதங்களில் என்றால் 50%, அதாவது 93,600. முன்பு இந்த வசதி 24 மாதங்களோடு முடிந்தது. 2025 நிதிச் சட்டம் அதை 48 மாதங்களாக நீட்டியது. மூன்றாம் ஆண்டில் 60%, நான்காம் ஆண்டில் 70%.

முன்வராமல் இருந்து துறையே கண்டுபிடித்தால்? பொய்த் தகவல் தந்து வருமானத்தைக் குறைத்ததற்கு 270ஏ பிரிவில் அபராதம் வரியைப் போல 200%. அதாவது 1,24,800. வரியோடு சேர்த்து 1,87,200, இதிலும் வட்டி சேர்க்கவில்லை. ஏஜென்ட் வாங்கிப் போன பத்து சதவீதக் கமிஷன் 6,240 ரூபாய் திரும்பி வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"உங்கள் ரிட்டர்னில் உள்ள கழிவுகளைச் சரிபாருங்கள்" என்று துறையிடமிருந்து எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ வந்தால் பலர் அதைப் பார்த்து நடுங்கிப்போய் மூடி வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது நோட்டீஸ் அல்ல. தாமாக முன்வந்து திருத்துவதற்கான கதவு இன்னும் திறந்திருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். 2025-ல் இருந்த விதிப்படி, அந்த ஆண்டுக்கான மதிப்பீடோ மறுமதிப்பீடோ தொடங்கிவிட்டால் ஐடிஆர்-யூ போட முடியாது.

"பழைய வருஷம்தானே, இனிமே என்ன பண்ணப் போறாங்க" என்ற நம்பிக்கையும் வேண்டாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று வருஷம் மூன்று மாதம் வரை சாதாரணமாகவே மறுமதிப்பீட்டு நோட்டீஸ் அனுப்பலாம். 2021-22 நிதியாண்டில் போட்ட பொய்க் கழிவுக்கு நோட்டீஸ் அனுப்பக் கெடு 2026 ஜூன் 30. ஏஜென்ட் மூன்று வருஷமாக உங்களுக்கு ரிட்டர்ன் போட்டிருந்தால் மூன்றையும் எடுத்துப் பாருங்கள். ஒரு வருஷம் மட்டும் பொய் எழுதி நிறுத்துகிற ஏஜென்ட் அபூர்வம்.

நோட்டீஸே வந்துவிட்டால்?

148-வது பிரிவின் கீழ் மறுமதிப்பீட்டு நோட்டீஸ் வந்தால், அதில் குறிப்பிட்ட காலத்துக்குள் அந்த ஆண்டுக்குப் புதிதாக ரிட்டர்ன் போட வேண்டும். அதில் பொய்க் கழிவுகளை நீக்கி, வரியையும் வட்டியையும் கட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஏதாவது ரசீது ‘ஏற்பாடு’ செய்து தருகிறேன் என்று அதே ஏஜென்ட் வந்தால் விலகிவிடுங்கள். 80ஜிஜிசி நன்கொடைக்குப் பணப்பரிமாற்ற எண்ணையே ரிட்டர்ன் படிவம் கேட்கிறது. வங்கிக் கணக்கில் இல்லாத நன்கொடைக்குப் போலி ரசீது கொடுப்பது, தவறைக் குற்றமாக மாற்றுகிற வேலை.

அபராதம் 200 சதவீதமா, 50 சதவீதமா, இல்லவே இல்லையா என்பதில்தான் ஏஜென்ட்டின் பங்கு பேசுபொருள் ஆகும். வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு நேர்மையான விளக்கமும் ஆதாரமும் இருந்தால் அதை ஏற்க 270ஏ பிரிவில் இடம் உண்டு. நீங்கள் அனுப்பியது ஃபார்ம் 16 மட்டும், நன்கொடை பற்றிப் பேச்சே நடக்கவில்லை என்று காட்டும் வாட்ஸ்அப் உரையாடல், ப்ரொஃபைலில் இருந்த அந்நிய மெயில் ஐடியின் ஸ்கிரீன்ஷாட், ஜிபே ரசீது ஆகியவை அங்கே பேசும். ஏற்றுக்கொள்வார்கள் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் எந்த ஆதாரமும் இல்லாமல் "எனக்குத் தெரியாது" என்று சொல்வதைவிடப் பல மடங்கு மேல். ஏஜென்ட்டோடு சண்டை போட்டு அவர் சாட்டை அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து வைப்பது அதனால்தான் முக்கியம்.

பொய்த் தகவல் என்று இல்லாமல் வெறுமனே குறைத்துக் காட்டியதாக மட்டும் துறை சொன்னால் அபராதம் 50%. அப்போது வரியையும் வட்டியையும் கெடுவுக்குள் கட்டி, மேல்முறையீடு செய்யாமல், உத்தரவு வந்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் 270ஏஏ பிரிவில் அந்த அபராதத்திலிருந்தும் விலக்கு கேட்கலாம்.

உத்தரவே தவறு என்றால் 30 நாட்களுக்குள் ஃபார்ம் 35-ல் வருமான வரி ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். மொத்த வருமானம் 2 லட்சத்துக்கு மேல் உள்ளவருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். மேல்முறையீடு போட்டாலே வசூல் நின்றுவிடாது. வழக்கமாக டிமாண்டில் 20% கட்டினால் மீதியை நிறுத்தி வைக்கிறார்கள்.

கையில் பணம் இல்லையே?

டிமாண்ட் நோட்டீஸ் வந்த 30 நாட்களுக்குள் கட்ட வேண்டும். தாண்டினால் 220(2) பிரிவில் மாதம் 1% வட்டி. ஒரு நாள் தாண்டினாலும் ஒரு மாதம்தான் கணக்கு. அதே 220-வது பிரிவில் கூடுதல் அவகாசமோ தவணையோ கேட்க வழி இருப்பது பலருக்குத் தெரியாது. 30 நாள் முடிவதற்குள் மதிப்பீட்டு அதிகாரிக்கு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்க வேண்டும். சம்பளச் சீட்டு, இருக்கும் கடன் இஎம்ஐ விவரம், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற திட்டம் மூன்றையும் இணைப்பது நல்லது. தவணை கொடுத்தாலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை வைத்துப் பார்த்தால் நகைக்கடன் வட்டி குறைவாகக்கூட இருக்கலாம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ‘ஆடிட்டரை’ என்ன செய்வது?

நம் ஊரில் கம்ப்யூட்டர் வைத்து ரிட்டர்ன் போடுகிற எல்லோருமே ‘ஆடிட்டர்’தான். ஆனால் புகார் கொடுக்கப் போகும்போதுதான் அவர் யார் என்ற கேள்வி வரும். அடுத்தவர் ரிட்டர்னைத் தட்டிக் கொடுக்க இந்தியாவில் லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. பிரவுசிங் சென்டர்காரரும் போடலாம், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரும் போடலாம்.

அவர் உண்மையான பட்டயக் கணக்காளர் என்றால் அவருக்கு உறுப்பினர் எண் இருக்கும். இந்தியப் பட்டயக் கணக்காளர்கள் நிறுவனத்தின் ஒழுங்கு இயக்குநரகத்தில் படிவம் 1-ல் புகார் செய்யலாம். உறுப்பினர் பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கும் அளவுக்கு நடவடிக்கைக்கு இடம் உண்டு. பட்டயக் கணக்காளர் இல்லை என்றால் இந்த வழி மூடியிருக்கும். கட்டணம் வாங்கிச் செய்த சேவையில் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் ரசீது இல்லாத, ரொக்கமாகக் கொடுத்த கட்டணத்தை அங்கே நிரூபிப்பது கஷ்டம். உங்களுக்குத் தெரியாமல் பொய்க் கழிவு போட்டு ரீஃபண்டில் பங்கு எடுத்தார் என்றால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கலாம். பொய் ரிட்டர்ன் போடத் தூண்டுவதும் வருமான வரிச் சட்டத்தின் 278-வது பிரிவில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் ரிட்டர்னில் பொய்யாக உறுதி அளித்தவருக்கும் அதற்கு முந்தைய 277-வது பிரிவு காத்திருக்கிறது. எனவே முதலில் சொந்த ரிட்டர்னைத் திருத்திவிட்டு அப்புறம் ஏஜென்ட் மேல் புகார் என்ற வரிசையே சரி.

எந்தப் புகாரும் டிமாண்டின் 30 நாள் கெடுவை நிறுத்தி வைக்காது. ஏஜென்ட்டிடமிருந்து பணம் வந்த பிறகு வரி கட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அந்தக் காத்திருப்புக்கும் மாதம் 1% நீங்கள்தான் கட்ட வேண்டும்.

தளத்தில் எதைத் தட்டுவது என்று குழப்பமாக இருந்தால் வருமான வரித்துறையின் இலவச உதவி எண்கள் 1800 103 0025, 1800 419 0025. பேசும்போது பான், மதிப்பீட்டு ஆண்டு, டிமாண்ட் எண் மூன்றும் கையில் இருக்கட்டும். பாஸ்வேர்டையோ ஓடிபியையோ கேட்டு யாராவது உங்களுக்கே போன் செய்தால் அவர் துறையைச் சேர்ந்தவர் இல்லை.